தாய்ப்பால் பாடத்தில் முதல் மதிப்பெண்

திருவண்ணாமலையில் நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தாய்ப்பால் பற்றிய தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். சீம்பாலின் நன்மைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த மாதமே பிரசவ வார்டில் பயிற்சி. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த செல்விக்கு முந்தின நாள்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. காலையிலிருந்து குழந்தை மார்பைப் பிடிக்கவே இல்லை. அழுது அழுது குரல் கம்மிவிட்டது. நான் அதன் தலையைப் பின்னாலிருந்து மார்போடு அழுத்தினேன். அது திமிறி வளைந்தது.

“நீங்க சரியா முயற்சி பண்ணலீங்க” என்று எரிந்து விழுந்தேன். செல்வியின் கண்கள் நிறைந்தன.

பக்கத்துக் கட்டிலில் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த பெண் மெல்ல எழுந்து வந்தாள். “தலைய அழுத்தாதீங்க சிஸ்டர், இன்னும் ஜாஸ்தி திமிறும். வயித்தோட வயிறா அணைச்சிப் புடிச்சா, அதுவே வாயத் தொறக்கும்” என்றாள்.

செல்வி அப்படியே செய்தாள். காத்திருந்தோம். குழந்தை வாயை அகலத் திறந்து பிடித்துக்கொண்டது. அழுகை நின்று, விழுங்கும் சத்தம் கேட்டது.

அப்போது வந்த வார்டு சிஸ்டர், “பரவால்லியே, குடிக்க வச்சிட்டியா!” என்று என்னைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. அந்தப் பெண்ணும் சிரித்தபடி தன் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வார்டு சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதனால என்னங்க, நீங்களும் இப்பதான கத்துக்கிறீங்க” என்றாள்.

இப்போதெல்லாம் நான் முதலில் தாயின் அருகில் உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேட்கிறேன். அன்று செல்வியிடம் அதைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.