கல்லைப் போலவே ஒரு சிமெண்ட் வாசல்

என் கணவர் செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் குடியிருந்த வீடு என் அப்பா எனக்கு எழுதிவைத்தது. வரி ரசீது என் பெயரில்தான் வரும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த ரசீதில் அவர் பெயர் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில் அவர் ஒரு காருக்குப் பதிவு செய்தார். அப்போதெல்லாம் கார் என்பது கடைக்குப் போய் வாங்கிவருகிற பொருள் இல்லை. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவருக்கு முன்னால் பதிவு செய்த ஒரு சீனியர் வக்கீல், கார் வந்து சேர்ந்தபோது கண் தெரியாமல் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார் என்று கோர்ட்டில் பேசிக்கொள்வார்கள். என் கணவர் அதற்கெல்லாம் அசரவில்லை. கார் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, அது வந்து நிற்கப்போகும் இடத்தை அலங்கரிக்க முடிவு செய்தார்.

அந்த யோசனை மகாபலிபுரத்தில் பிறந்தது. ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண விருந்துக்காகக் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்குப் போயிருந்தோம். கேட்டிலிருந்து வாசற்படிவரை தரை முழுவதும் கல் பாவியது போல இருந்தது. இவர் குனிந்து தட்டிப் பார்த்தார். கல் இல்லை, சிமெண்ட். ஈரமாக இருக்கும்போதே இரும்பு அச்சை வைத்து அழுத்தி, கல் கல்லாகப் பிரிந்து தெரியும்படி கோடு இழுத்து, சாம்பலும் காவியுமாக நிறம் ஏற்றியிருந்தார்கள். விருந்தில் என்ன பாயசம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இலையை விட்டு இரண்டு தடவை எழுந்துபோய்த் தரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த ஓட்டலைச் சுற்றிக் கல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பாறையைக் குடைந்து செய்த கோயில்கள் ஒரு பக்கம். தெருவுக்குத் தெரு உளிச் சத்தம். வருகிற வழியில், திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் கல்லை உடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் வந்தோம். இத்தனை கல்லுக்கு நடுவில் அவர் மனதைப் பறித்தது, கல் மாதிரி நடித்துக்கொண்டிருந்த சிமெண்ட்.

அந்தத் தரையைப் போட்ட கொத்தனாரை விசாரித்துப் பிடித்தார். நெம்மேலிப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்து ஆள். அண்ணன் தம்பி எல்லாரும் கடலுக்குப் போக, படகில் ஏறினால் வாந்தி வருகிறது என்று இவர் ஒருத்தர் மட்டும் கரையிலேயே தங்கிக் கரண்டி பிடித்தவர். வீட்டுக்கு வந்து முன்வாசலை நடந்து அளந்தார்.

"கல்லு மாதிரி இன்னாத்துக்கு சார்? கல்லே போட்டுக்கலாமே. எங்க பக்கம் கொட்டிக் கெடக்குது."

"கல்லு யார் வேணும்னாலும் போடுவான்யா. இது டிசைன்."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி சார். சிமிட்டி கீதா?" என்று கேட்டார்.

அங்கேதான் சிக்கல். சிமெண்டுக்கு அப்போது பெர்மிட் வேண்டும். தாலுகா ஆபீசில் மனு கொடுத்து, எதற்காக வேண்டும் என்று காரணம் எழுதி, அவர்கள் மனம் இரங்கினால்தான் மூட்டை கிடைக்கும். என் கணவர் சாப்பாட்டு மேஜையில் மனுவை விரித்து உட்கார்ந்தார்.

"கார் நிறுத்த அலங்காரத் தரைன்னு எழுதினா ஒரு மூட்டைகூடத் தரமாட்டான்" என்றார்.

"காரே இல்லையேன்னும் கேப்பான்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கடகடவென்று எழுதி, கோர்ட்டில் படிப்பது போலக் குரலைத் தாழ்த்திப் படித்துக் காட்டினார்: "குடும்பத்தின் சுகாதாரத்தை முன்னிட்டு, செப்டிக் டேங்க்குடன் கூடிய கக்கூஸ் கட்டுவதற்காக."

ஆறு வருஷமாக நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லைக் கோடியில், பழைய முறையில், ஒரு ஓட்டைத் தகரக் கதவோடு இருந்தது. தினமும் காலையில் நகராட்சியிலிருந்து ஒரு பெண் பின்சந்து வழியாகக் கூடையோடு வந்து அள்ளிக்கொண்டு போவாள். என் தங்கை குடும்பம் ஊரிலிருந்து வந்தால் இரண்டாம் நாளே கிளம்பிவிடும். அதனால்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்காகக் கேட்டேன் என்று இன்று சொன்னால் பொய். ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்பார். அந்தக் கோரிக்கையை இவ்வளவு அழகாக அவர் எழுத்தில் வைத்தது அன்றுதான்.

வீடு என் பெயரில் இருந்ததால் மனுவும் என் பெயரில்தான் போக வேண்டும். பேனாவை நீட்டினார். "இதையே கட்டிடலாமே" என்றேன். "அடுத்த பெர்மிட்டுல கட்டலாம்" என்றார். கையெழுத்துப் போட்டேன். அதற்கு என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு வாரம் அமைதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பெர்மிட் ஆச்சரியப்படும்படி சீக்கிரம் வந்தது. சுகாதாரம் என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு மகிமை. கோர்ட்டுக்கும் பள்ளிக்கும் விடுமுறையான மே மாதத்தில் வேலை ஆரம்பித்தது. கொத்தனார் இரும்பு அச்சை ஒரு கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஜல்லி போட்டு, தளம் போட்டு, மேலே காவி கலந்த பூச்சைப் பூசி, அது இறுகுவதற்குள் அச்சை வைத்து அவர் ஏறி நின்று மிதிக்க வேண்டும். என் கணவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்தக் கல் பெரியதாக இருக்கிறது, அந்தக் கல் இன்னும் கொஞ்சம் கோணலாக இருந்தால் இயற்கையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சார், அச்சு ஒண்ணுதான் கீது. அது எப்பவும் ஒரே மாதிரிதான் வரும்" என்றார் கொத்தனார்.

போட்டு முடித்ததும் பத்து நாள் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார். மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். காய விட்டால் வெடித்துவிடும். மே மாதக் கிணற்றில் தண்ணீர் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் இறைத்தது நான். அவருக்குத் தோளில் பிடிப்பு. நான் குடத்தோடு முன்வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பதைப் பின்சந்துப் பெண் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு காருக்கு மொதல்லயே குளிப்பாட்டிக்கினு கீறாரா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தரை நன்றாகத்தான் வந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். என் கணவர் மாலை வேளைகளில் கேட்டைத் திறந்துவைத்து, அந்தத் தரையில் முன்னும் பின்னுமாக நடந்தார். பார்க்கிறவர்களுக்கு அவரே கார் மாதிரி தோன்றியிருக்கும்.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது தாலுகா ஆபீசிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். பெர்மிட் சிமெண்டை வாங்கி வெளியில் விற்கிறார்கள் என்று புகார்களாம். வீடு வீடாகச் சரிபார்க்கிறார்கள். என் கணவர் முகம் வெளுத்தது. "உட்காருங்க சார், காபி கொண்டுவரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சிமெண்ட் மழையில நனைஞ்சு கட்டியாப் போச்சுன்னு சொல்லிடு."

"மே மாசத்துல எங்கேங்க மழை?"

"அப்ப நீயே ஏதாவது சொல்லு. மனு உன் பேர்லதானே இருக்கு" என்றார்.

அதுவரை எனக்குக் கோபம் என்று ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. காபியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் புதுத் தரையின் நடுவில் நின்று காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்க பேர்ல கக்கூஸுக்குன்னு பெர்மிட் போயிருக்கு. அது எங்க கட்டியிருக்கீங்க?"

"நீங்க அது மேலதான் நிக்கிறீங்க சார்" என்றேன்.

அவர் பதறி ஒரு காலைத் தூக்கினார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கார் இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னேன். பழைய கக்கூஸைக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

"வக்கீல் சார், நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஒரு மாசம் தர்றேன். டேங்க் இருக்கணும். இல்லேன்னா கேஸ் போடுவோம். மனு இவங்க பேர்ல இருக்கறதால கேஸும் இவங்க மேலதான்."

அவர் போனதும் என் கணவர் திண்டாடிப்போய், "நீ கவலைப்படாதே. கேஸ் வந்தா நானே உனக்கு ஆஜராகிறேன்" என்றார்.

"நீங்க கடைசியா ஆஜரான ஆள் இன்னும் உள்ளேதாங்க இருக்கான்" என்றேன்.

மறுநாளே கொத்தனாருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பேஜாராப் பூடும் சார். கெணறு இங்க கீது. பக்கத்துல டேங்க்கு வெச்சா நாளைக்கு அதையேதான் மொண்டு குடிக்கணும். தள்ளி வெக்கணும்." கிணற்றிலிருந்து தள்ளி இருந்தது முன்வாசல் ஒன்றுதான். என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுவதும் எழுந்திருக்கவில்லை.

உடைக்க இரண்டு நாள் பிடித்தது. கடப்பாரை தெறித்துத் தெறித்து விழுந்தது. "டீச்சரம்மா ஊத்துன தண்ணி சார், இரும்பாக் கீது" என்று கொத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டே பாராட்டினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கைவலி ஞாபகமும் வந்தது. மீதி இருந்தது ஒன்றரை மூட்டைதான் என்பதால், டேங்க்கைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டி, மேலே மூடத் திருக்கழுக்குன்றத்துப் பக்கமிருந்து பலகைக் கற்களை லாரியில் வரவழைத்தார்கள். போலிக் கல் தரைக்கு நடுவில் ஆறு நிஜக் கற்கள் போய் உட்கார்ந்தன. பார்ப்பதற்கு அவைதான் ஒட்டாமல் இருந்தன.

புதுக் கக்கூஸ் வீட்டோடு ஒட்டி, பக்கவாட்டில், நல்ல மரக்கதவோடு அமைந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் நான் கொல்லைக் கதவருகே காத்திருந்து பின்சந்துப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் நம் வீட்டுக்கு வரவேண்டியதில்லை என்றேன். அவள் சந்தோஷப்படுவாள், இரண்டு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"சரிம்மா. இந்தச் சந்துல இன்னும் பதினோரு வூடு கீது" என்றாள். தகரக் கதவை அவளே சாத்திவிட்டு நடந்தாள். ஆறு வருஷத்தில் அவள் எத்தனை வீடு பார்க்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கணக்கு டீச்சர்.

உடைத்த துண்டுகளைக் கொத்தனார், கல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் ஏற்றித் தன் குப்பத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த தை மாதம் நாங்கள் மகாபலிபுரம் போனபோது அவரைப் பார்க்கப் போனோம். குடிசைக்கு முன்னால் மணலில் எங்கள் வாசல் துண்டு துண்டாகப் பதிந்திருந்தது. கோடும் காவியும் அப்படியே இருந்தன. அதன் மேல் வரிசையாக நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

கொத்தனார் மனைவி முந்தானையால் காக்கையை விரட்டிக்கொண்டே, "மணல்ல போட்டா மீனெல்லாம் மண்ணாப் பூடும் சார். இதுல ஒட்டறதே இல்ல. அந்தக் கோடு வழியா தண்ணியும் வடிஞ்சிடுது" என்றாள்.

என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தக் கோடுதான் முக்கியம். நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். கொத்தனார் குனிந்து ஒரு நெத்திலியைத் திருப்பிப் போட்டார். அவள் ஒரு பை நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். பாதி வழியில் ஒருத்தர், "யாருய்யா கருவாடு கொண்டாந்தது?" என்று சத்தம் போட்டார். என் கணவர் பையைக் காலால் மெதுவாக முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, கைக்குட்டையை எடுத்துத் தானும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.