திரையை நம்பாதீர்கள் என்ற திலகவதி

வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. திலகவதி காலமானார், மூளையில் ரத்தக் கசிவு, வயது ஐம்பத்தொன்று. எங்கள் பழைய அலுவலகக் குழுவில் வரிசையாக இரங்கல்கள். "நல்ல திறமைசாலி, கொஞ்சம் பிடிவாதம்" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். இறுதிச் சடங்குக்குப் போனபோது, கோலாலம்பூர் செந்தூலில் அவர் வீட்டு வாசலிலும் அதே பேச்சுதான். மன்னிக்கவேண்டிய குறை ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெட்டாலிங் ஜெயாவில் அவரோடு வேலை பார்த்த எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு) மையத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பன்னிரண்டு படுக்கைகளின் இயந்திரங்களும் தாதியின் மேசையிலிருக்கும் ஒரே கணினியில் தெரியும். யாருக்காவது ரத்த அழுத்தம் இறங்கினால் திரையில் சிவப்புப் பெட்டி எழும். அந்தப் பகுதியை எழுதியவன் நான். வெள்ளோட்டத்தின்போது ஒருநாள் திரை அப்படியே உறைந்துவிட்டதாகத் தாதி புகார் சொன்னார். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். சரியாகிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

மென்பொருளைச் சோதிக்கும் பொறுப்பிலிருந்த திலகா மறக்கவில்லை. அவரே கிள்ளானுக்குப் போய்த் தாதியின் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் திரை உறைந்தது. ஏழாம் படுக்கையில் எல்லாம் சரி என்று அது காட்டிக்கொண்டே இருக்க, அங்கே படுத்திருந்த பெரியவரின் தலை சாய்ந்துவிட்டது. தற்செயலாக நிமிர்ந்து பார்த்த தாதி ஓடினார். பெரியவர் பிழைத்தார்.

மறுநாள் மாலைக்குள் திலகா காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒரு நிரல் தன் வேலைகளைத் தனித்தனித் தடங்களில் ஓட்டும்; அவற்றை நாங்கள் த்ரெட் என்போம். திரையிலுள்ள பெட்டி, பொத்தான் எதுவானாலும் முதன்மைத் தடம் மட்டுமே உருவாக்க வேண்டும். என் நிரலில், இயந்திரங்களைக் கவனிக்கும் பின்னணித் தடம், "நான் வேறு தடத்தில் இருக்கிறேனா?" என்று பெட்டியைக் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொடும். ஆனால் பெட்டி இன்னும் உருவாகவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்றே பதில் வரும். உடனே பின்னணித் தடம் பெட்டியைத் தானே உருவாக்கிவிடும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எப்போதாவது திரை முழுவதும் உறையும்.

"ஓடுதுன்னு சொல்லாத முரளி," என்றார் என்னிடம். "இன்னும் நிக்கலன்னு சொல்லு."

திறப்பு விழாவுக்கு ஒரு வாரமே இருந்தது. எப்போதோ நடப்பதற்காகத் தள்ளிப்போட முடியாது, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார் மேலாளர். என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். திலகா சோதனைச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவரைப் போடச் சொல்வேன் என்றார் மேலாளர். திலகா அங்கேயே கைப்பேசியை எடுத்து, மையத்தின் தலைமைத் தாதியை அழைத்தார்.

"அக்கா, நாங்க சொல்ற வரைக்கும் அந்த ஸ்கிரீன நம்பாதீங்க. தப்பு எங்களோடது. ஆளுங்கள நேர்ல பாருங்க."

அவர் என் பெயரைச் சொல்லவில்லை, "எங்களோடது" என்றார் என்பது எனக்கு மட்டும் உறைத்தது.

விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது. நாங்கள் இருவரும் நான்கே நாளில் சரிசெய்தோம். நிரல் தொடங்கும்போதே முதன்மைத் தடம் எல்லாப் பெட்டிகளையும் உருவாக்கி வைத்துக்கொள்ளும்; பின்னணித் தடம் செய்தியை மட்டும் அதனிடம் ஒப்படைக்கும். அதன்பின் அந்தத் திரை உறைந்ததாகப் புகார் வரவில்லை. திலகாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் வேணாம் லா. அடுத்த மீட்டிங்ல வாயத் திற," என்றார்.

அடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தகனம் முடிந்த மறுவாரம்தான் திறந்தேன். என் இப்போதைய அலுவலகத்தில், பாதி சோதித்த ஒரு நிரலுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். காரணத்தை எழுதியும் கொடுத்தேன். மேலிடம் கோபமாக இருக்கிறது. என்ன வரும் என்று தெரியாது. திலகாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு "மாட்டேன்"தான். அதை யாருக்கும் திருப்பித் தருவதாக இல்லை.

மாட்டேன் என்று சொன்ன அன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன்.