மிதக்க வேண்டிய கட்டை

1. எழுந்து நின்ற கட்டை

மீன் தொட்டி வைக்கும் தொழிலில் நான் தனியாக முடித்த முதல் வேலை, சேரன்மகாதேவியில் சங்கரன் சார் வீட்டுத் தொட்டி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் அழகாக ஒரு டிரிஃப்ட்வுட்டை, அதாவது அலங்கார மரக்கட்டையை, தொட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு, பாளையங்கோட்டையில் இருக்கிற என் கடைக்குத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் சார் போன் பண்ணினார்.

"செல்வி, நீ வச்ச கட்டை ஒன் மீனைவிட நல்லா நீந்துது. வந்து பாரு."

ஓடினேன். கட்டை மேலே வந்து மூடியை முட்டி லைட்டைச் சாய்த்திருந்தது. நட்ட செடியெல்லாம் வேரோடு மிதந்தது. சார் சிரித்தார், அவர் மனைவி கோமதி அக்கா காபி கொடுத்தார். எனக்குத்தான் அவமானத்தில் காபி இறங்கவில்லை.

காய்ந்த கட்டைக்குள் காற்று இருக்கும். அது வெளியேறித் தண்ணீர் ஏறினால்தான் கட்டை அடியில் கிடக்கும். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் தொழிலுக்கு வந்திருந்தேன்.

2. கட்டை சூப்

அடுத்த வாரமே ஒரு பிரியாணி அண்டா வாங்கினேன். கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக் கட்டைகளை அவிப்பேன். பிறகு டிரம்மில் போட்டு மேலே பாரம் வைத்து ஊற விடுவேன். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். டிக்காஷன் மாதிரி சாயம் இறங்கியிருக்கும், சாக்கடையில் கொட்டிவிடுவேன். எத்தனை வாரம் ஊறியது என்பது மறக்காமலிருக்க, வாரத்துக்கு ஒரு வெட்டு, கட்டையின் அடியில் ரம்பத்தால் போட்டு வைப்பேன். அவசரக்காரர்களுக்கு வேறு வழி: கிரானைட் கடையில் கழித்துப்போட்ட துண்டில் ஓட்டை போட்டு, கட்டையை அதோடு எஸ்.எஸ். ஸ்குரூவால் முடுக்கிவிடுவது. சாதா இரும்பு துருப்பிடிக்கும்.

பக்கத்துத் தையல்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் கட்டை சூப்தானா? எலும்பு ஒண்ணும் போடலியா?" என்பார்.

3. காயக் கூடாத கட்டை

சில வருஷம் கழித்து ஒரு நாள், திசையன்விளைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். உள்ளங்கை நீளத்தில் நாற்பது கட்டை கேட்டார். வளைவு வேண்டாம், அழகு வேண்டாம், போட்டதும் அடிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். என்ன மீன் வளர்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அது கெடக்கட்டும்க்கா" என்றார். காய்ந்துவிடக் கூடாது என்று ஈரச் சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டார். வேலை தெரிந்த மனுஷர் என்று தையல்கடை அண்ணாச்சியிடம் நான் பெருமையாகச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து, சங்கரன் சார் வீட்டுக்குத் தொட்டி கழுவப் போனேன். சார் பாதி உடம்பாக இருந்தார். செம்பிலிருந்து பழுப்பாக எதையோ ஊற்றிக் குடித்தார். சுகருக்குக் கருங்காலித் தண்ணி என்றார். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது என்று கோமதி அக்கா அழாத குறையாகச் சொன்னார்.

கருங்காலி வைரம் பாய்ந்த மரம். தண்ணீரில் முங்கினால் அசல் என்று ஊரே நம்புகிறது.

"விக்க வந்தவன் என் முன்னாலயே வாளியில போட்டுக் காமிச்சான். கல்லு மாதிரி உள்ள போயிட்டு. கண்ணால பாத்தேன்லா" என்றார் சார்.

செம்புக்குள் கையை விட்டுக் கட்டையை எடுத்துத் திருப்பினேன். அடியில் வரிசையாக ஆறு வெட்டு. என் ரம்பம் போட்ட வெட்டு.

சாக்கடையில் நான் கொட்டுகிற தண்ணீரை இந்த மனுஷர் மருந்தென்று குடித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் பேசாமல் செம்பிலேயே போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதும் உண்மை. ஆனால், இது கருங்காலி இல்லை, நான் அவித்து விற்ற கட்டை என்று சொல்லிவிட்டேன்.

சார் நம்பவில்லை. "மீனைப் பத்திச் சொல்லு, கேக்கேன். கருங்காலியப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"மொட்டை மாடியில ஒரு வாரம் காயட்டும் சார். அசல்னா காஞ்ச பொறவும் முங்கும். நான் அவிச்சதுன்னா மிதக்கும்."

"முங்கிட்டுன்னா?"

"இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

முடிவு தெரியும்வரை மாத்திரையைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். எவ்வளவோ கெஞ்சினேன், அசையவில்லை. தினமும் கோமதி அக்காவுக்குப் போன் போட்டேன். சாருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். கட்டை வாங்கிப்போனவரின் நம்பருக்கும் அடித்துப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது.

எட்டாம் நாள், நான் முதன்முதலில் அசிங்கப்பட்ட அதே தொட்டியில், சார் தன் கையாலேயே கட்டையைப் போட்டார். அது நேராக உள்ளே போனது. எனக்கு உயிரே போனது. இத்தனை வருஷமும் கட்டை முங்க வேண்டுமென்று வேண்டியவள், மிதக்க வேண்டுமென்று முதல்முறையாக வேண்டிக்கொண்டு நின்றேன்.

கட்டை பாதியில் தயங்கிற்று. பைய மேலே வந்து, புரண்டு, மிதந்தது.

சார் அதை விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார், திரும்பவும் மேலே வந்தது.

"கோமதி, அந்த மாத்திரை டப்பாவ எடு."

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டையை முங்க வைக்க ஒரு மாதத்தில் படித்துவிடலாம். எதற்கு முங்க வேண்டும் என்று கேட்க எனக்கு அத்தனை வருஷம் ஆனது. இப்போது, போய்ச் சேரப்போகிற தொட்டியைக் கண்ணால் பார்க்காமல், அண்டாவில் ஒரு கட்டையும் இறங்குவதில்லை.