இளம்பிள்ளைச் சேலைக்கு ஐம்பது ஃபிரேம்

என் கணவர் சேலத்தில் ஒரு நாள் டிரோன் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்கள் ஸ்டுடியோவில் அறுபது என்ற எண்ணுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. பயிற்சி கொடுத்தவர் ஏசி அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேசினாராம். நொடிக்கு இருபத்துநாலு படம் வைத்தால் சினிமா, அறுபது வைத்தால் வழுவழுப்பு, நூற்றிருபது வைத்தால் எதிர்காலம் என்றாராம். மதியச் சாப்பாடும் சான்றிதழும் உண்டு. எங்கள் டிரோன் நூற்றிருபதுக்குப் போனால் படம் குறுகிவிடும் என்பதால், இவர் எதிர்காலத்தை விட்டுவிட்டு வழுவழுப்போடு வீடு திரும்பினார். அதற்குப் பிறகு கல்யாணமோ, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிப் பூஜையோ, கோழிப்பண்ணைத் திறப்புவிழாவோ, எதுவானாலும் அறுபதுதான்.

திருச்செங்கோட்டில் எங்களுக்குச் சின்ன ஸ்டுடியோ. அவர் எடுப்பார், நான் எடிட் செய்வேன். அதாவது அவர் வெயிலில் நின்று பெயர் வாங்குவார், நான் உள்ளே உட்கார்ந்து திட்டு வாங்குவேன்.

வீடியோ என்பது நொடிக்கு இத்தனை என்று எடுத்த படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். எங்கள் தரைக் கேமராக்கள் நொடிக்கு இருபத்தைந்து எடுக்கும். மேலே பறப்பது அறுபது எடுத்தால், இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் அறுபதை இருபத்தைந்தாகக் குறைக்கும். ஓரிடத்தில் ஒரு ஃபிரேமை விடும், அடுத்த இடத்தில் இரண்டை விடும். டிரோன் மெதுவாகத் திரும்பினாலே போதும், தென்னந்தோப்பு விக்கி விக்கி நகரும். ஐம்பதில் எடுத்தால் ஒன்று விட்டு ஒன்று, சிக்கலே இல்லை. இதை நான் அவருக்கு ஆறு முறை சொன்னேன்.

"உன்ற கம்ப்யூட்டர் பழசு அம்மிணி. அதுதான் திக்குது" என்பார்.

"டிரோன் ஃபோர்-கேல எடுக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே. படம் எவ்வளவு தெளிவோ, திக்கறதும் அவ்வளவு தெளிவாத் தெரியுமுங்க."

"கல்யாண ஊட்டுக்காரங்க ஒருத்தராவது கேட்டாங்களா?"

கேட்கவில்லை. அதுதான் என் எரிச்சலே. கேட்கிற ஒருவர் வந்திருந்தால் நான் இவ்வளவு கசந்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை உற்பத்தியாளர் கூப்பிட்டார். புதிதாக மூன்று மாடிக் கடை கட்டியிருந்தார். முன்வாசலில் சுவர் அளவுக்கு எல்இடி திரை. திறப்புவிழா அன்று அதில் ஐந்து நிமிடப் படம் ஓட வேண்டும்: தறியில் சேலை உருவாவது, பிறகு கஞ்சமலை அடிவாரத்தில் காற்றில் பறப்பது. இதையெல்லாம் முடிவு செய்தது அவருடைய மச்சினர். பெங்களூரில் இரண்டு வருடம் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் சுவருக்கு என்ன நிறம் என்பதிலிருந்து பந்திக்கு என்ன பாயசம் என்பதுவரை அவரைத்தான் கேட்டார்கள்.

"அறுபது ஃபிரேம் தானுங்களே?" என்று அவர் போனில் கேட்டார்.

"அதுக்குக் கீழ நாங்க எடுக்கறதே இல்லீங்க" என்றார் என் கணவர். ஒருவர் சொன்னதை மற்றவர் மெச்சி, இருவரும் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

படப்பிடிப்புக்கு நான் போகவில்லை. திரும்பி வந்த மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தேன். மலையடிவாரக் காட்சிகள் உச்சிவெயிலில் எடுத்தவை. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்பு ஃபில்டரை, கலர் போய்விடும் என்று பையிலேயே வைத்திருந்தார். அது இல்லாமல் அந்த வெயிலில் ஷட்டர் அதிவேகத்தில் மூடித் திறக்கும். அசைகிற பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெட்டி வைத்தது போல உறைந்து நிற்கும், ஓட்டினால் அசைவு துண்டு துண்டாகத் தெரியும். அந்தக் காட்சிகளை அழிக்க வேண்டிய கோப்பில் தள்ளினேன்.

தறிக்கூடத்துக் காட்சிகள் அதைவிட மோசம். இறக்கைக்குக் கூண்டு மாட்டி, தறிகளுக்கு நடுவே டிரோனை ஓட்டியிருந்தார். நல்ல ஓட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கூரை விளக்குகள் எல்லாம் துடித்தன. கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருந்தன. கல்யாண மண்டபங்களில் டிரோன் வெளியோடு நின்றுவிடும் என்பதால் இது அதுவரை எங்களுக்கு வந்ததில்லை. நம் ஊர் மின்சாரம் ஐம்பது துடிப்பில் வருகிறது. மலிவான விளக்கு அதற்கேற்ப அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, அறுபதில் ஓடும் கேமராவுக்குத் தெரியும்.

அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"கரண்ட்டு சரியில்ல போல" என்றார்.

"கரண்ட்டு சரியாத்தானுங்க இருக்குது. ஐம்பதா இருக்குது. நீங்கதான் அறுபதுல இருக்கறீங்க."

"அவங்க கேட்டாங்க, குடுத்தேன்."

"அவங்க சேலை நெய்யறவங்க. இது தெரியவேண்டியது உங்களுக்கு."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திறப்புவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றுகூட அவர் சொல்லவில்லை. அதிகமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மறுபடி எடுக்கத் தறிக்கூடத்துக்கு நானும் கிளம்பினேன். உள்ளே போனதும் ரிமோட்டை வாங்கி ஐம்பதில் வைத்தேன், ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கு என்று பூட்டினேன். மச்சினர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அறுபதுன்னுதானே பேச்சு? எங்களுக்கு மட்டும் எதுக்குக் கொறைக்கறீங்க? என்ற போன்லயே எரநூத்தி நாப்பது இருக்குது."

"அப்ப அதுலயே எடுத்துக்கலாமுங்களே" என்றேன். என் கணவர் இருமினார்.

சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, காதோரம் பஞ்சு ஒட்டியிருந்தது. "என்ன சாமி பிரச்சினை?" என்று கேட்டார். மச்சினர், ஃபிரேமைக் குறைக்கிறார்கள் என்றார். முதலாளியின் முகம் உடனே மாறியது. நூலைக் குறைத்து நெய்கிறவர்களை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருப்பார்.

எனக்கு விளக்கம் சொல்கிற பொறுமை இல்லை. லேப்டாப்பைத் தறியின் ஓரத்தில் வைத்து முந்தின படத்தை ஓட்டினேன். அவருடைய கூடம் கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி கண்ணைச் சிமிட்டியது. அதே இடத்தில் ஐம்பதில் அரை நிமிடம் எடுத்து, அதையும் ஓட்டினேன்.

முதலாளி இரண்டையும் பார்த்தார். "இது நல்லா நிக்குது" என்று இரண்டாவதைக் காட்டினார். "நம்பர் என்னவோ இருக்கட்டும். இது மாதிரியே எடுத்துக் குடுங்க அம்மிணி."

"ஆனா மாமா, இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு..." என்று மச்சினர் ஆரம்பித்தார்.

"நீ போயி பந்தல்காரன் வந்துட்டானான்னு பாரு."

அவர் போனார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. தறிகளுக்கு நடுவே என் கணவர் மறுபடி ஓட்டினார். இறக்கைக் காற்றில் தரையில் கிடந்த பஞ்செல்லாம் கிளம்பி எங்கள் தலையில் இறங்கியது. ஓரத்தில் நின்ற தறிக்கார அக்கா ஒருவர், "ரெண்டு நாளாக் கூட்டின கூடம். உங்க படத்துக்கு ஒரு கும்புடு" என்றார். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து எடிட் செய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மலையடிவாரத்தை மறுபடி எடுக்க எங்களுக்கு நேரமே இல்லை. சேலைகள் கடைக்குப் போய் மடித்து அடுக்கப்பட்டுவிட்டன. வேறு வழியில்லாமல் அழிக்க வைத்திருந்த கோப்பைத் திறந்தேன். ஒரு மாம்பழ நிறச் சேலையை இரண்டு பெண்கள் முனையில் பிடித்து ஓடுகிறார்கள், காற்று அதைத் தூக்குகிறது. வழக்கமான வேகத்தில் அது கிழிந்த பாய் மாதிரி வெட்டி வெட்டி அடித்துக்கொண்டது. ஒரு ஃபிரேமையும் விடாமல், எடுத்த அறுபதையும் இருபத்தைந்து வேகத்தில் ஓட விட்டுப் பார்த்தேன்.

சேலை மெதுவாக எழுந்தது. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு மெதுவாக. சரிகைக் கரையில் ஒவ்வொரு மடிப்பும் பிரிவது தெரிந்தது. பின்னால் கஞ்சமலை அசையாமல் இருந்தது. ஃபில்டர் இல்லாததால் வந்த அந்த உறைந்த கூர்மைதான் இங்கே நூல் நூலாகக் காட்டியது. இருபத்தைந்திலோ ஐம்பதிலோ எடுத்திருந்தால் இவ்வளவு மெதுவாக்கியிருக்க முடியாது. எந்த எண் எதற்கு என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்திருந்த நான், பார்க்காமலே தூக்கி எறிய இருந்தேன்.

என் கணவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அறுபது" என்றார்.

"தெரியாம வந்தது."

"தெரியாம வந்தாலும் என்னுதுதானே?"

எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்தக் காட்சியைப் படத்தின் முதலில் வைத்தேன். அதற்குமேல் இறங்கி வர என்னால் முடியவில்லை.

திறப்புவிழாவுக்கு நல்ல கூட்டம். திரையில் சேலை எழுந்தபோது வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முதலாளியின் மனைவி பக்கத்திலிருந்தவரிடம் அந்தச் சேலை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். தறிக்கூடக் காட்சி வந்ததும் யாரும் பார்க்கவில்லை. விளக்குகள் ஆடாமல் நின்றன. ஆடாமல் நிற்பதை யார் பார்ப்பார்கள்? பக்கத்தில் மச்சினர் யாரிடமோ, "அறுபதுல எடுத்ததுங்க. நான்தான் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கெட்ட நேரம், சேலைக் காட்சியைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருந்தது.

மறுநாள் மச்சினர் அந்தப் படத்தை, இல்லாத ஃபிரேம்களைத் தானாக வரைந்து நுழைக்கும் ஏதோ ஒரு செயலியில் போட்டு இன்னும் வழுவழுப்பாக்கி வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். சேலையின் கரை வெல்லப்பாகு போல ஒழுகியது. தறிக்கார அக்காவுக்கு ஒரு கையில் ஏழு விரல். கீழே நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள். என் கணவர் அதைக் காட்டி, "நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்று கேட்டார்.

"சொல்றதுக்கு இனி என்ன இருக்குதுங்க?" என்றேன். அவர் சிரித்தார். பிறகு நானும் சிரித்துவிட்டு, மேச்சேரியில் ஓர் ஆட்டுப்பண்ணைக்காரர் கேட்டிருந்த படத்துக்குக் மெமரி கார்டுகளைக் காலி செய்யப் போனேன்.