ஹிமேராச் சட்டியின் கரி

பன்னிரண்டு வருடம் இத்தாலியின் பலெர்மோவில் பிறர் வீடு கழுவிய எனக்கு, பழங்காலச் சட்டி கழுவ ஒருநாள் அழைப்பு வந்தது. அகழாய்வுக்காரரின் களஞ்சியத்தில் ஒருநாள் சோதனை வேலை, பிடித்தால் நிரந்தரம். மாடிப்படி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துபோன எனக்கு அந்த வேலை எப்படியும் வேண்டும்.

"கவனமாய்க் கழுவும். உடைச்சுக்கிடைச்சுப் போடாதையும்," என்றார் கணவர். ஒரு கோப்பை கழுவாத மனுஷன் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

பொறுப்பாக இருந்த பேராசிரியை ஒரு தட்டு நிறைய உடைந்த சட்டி ஓடுகளைக் காட்டினார். பலெர்மோவுக்குக் கிழக்கே, கடலோரத்தில், ஹிமேரா என்றொரு கிரேக்கத் துறைமுக நகரம் இருந்ததாம். கப்பலில் வந்து குடியேறிய சனம் கட்டியது. கார்த்தேஜ் படை வந்து தரைமட்டமாக்கிய பிறகு அது எழும்பவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடல் கடந்து வந்த ஒருத்தி உலை வைத்த சட்டி என் கையில்!

அந்தப் புளுகத்தில், அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. முதல் துண்டு சட்டியின் அடி, ஒரே கரி. கரிச்சட்டியைக் கண்டால் யாழ்ப்பாணத்துக் கை சும்மா இருக்குமா? தேய்தேய் என்று தேய்த்துப் பளிச்சென்று வைத்தேன்.

பேராசிரியையின் முகம் வெளுத்துப்போனது. அவர் இத்தாலியனில் கேட்டது எனக்கு இன்றும் நம் தமிழில்தான் கேட்கிறது.

"கரி எங்கை?"

"தேய்ச்சுப் போட்டன், சின்யோரா."

"அந்தக் கரியை வைச்சுத்தானே அந்தச் சனம் எப்பிடிச் சமைச்சவை எண்டு பாக்கிறது."

வேலை போச்சு. ஆனால் என் வாய் நிற்கவில்லை.

"முழுக்கக் கரி இல்லை, சின்யோரா. மூண்டு இடம் வெறுமையாய் இருந்தது. அடுப்புக்கல்லு முட்டின இடம். இந்தப் பக்கம் கரி தடிப்பு. விறகை இஞ்சாலைதான் தள்ளியிருக்கிறாள்."

கடதாசி வாங்கி அப்படியே படமாகக் கீறிக் காட்டினேன். தேய்க்கிறவளுக்குத் தெரியாதா, எங்கே அழுக்கு இருந்தது, எங்கே இல்லை என்று?

அவர் கழுவாத இன்னொரு சட்டியடியைக் கொண்டுவந்து நீட்டினார். அதிலும் மூன்று வெறுமை. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு பேரும் தட்டுத் தட்டாக இழுத்துப் போட்டுத் தேடினோம். மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் நினைவில்லை.

மாலையில் அவர் என் கையிலிருந்த கழுவும் பிரஷை வாங்கி வைத்தார்.

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாங்கோ. ஆனால் நீங்கள் கழுவ வேண்டாம். கழுவ முதல் எல்லாத்தையும் பாத்துச் சொல்லுங்கோ."

இந்த நாட்டில் ஒருவர் என் கையை விட்டுவிட்டு என் கண்ணைக் கேட்டது அதுதான் முதல் தடவை.