கேமராவுக்கும் ஒரு பொட்டு

ஆதிலட்சுமி வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதை அக்கம்பக்கத்தார் வாசலில் கிடக்கும் அவளுடைய செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். குரல் வெளியே வராது. புதுச்சேரியில், சாரம் பகுதியில் அந்தச் சந்தில் குடிவந்து பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். இன்னும் எதிர்வீட்டுக்காரிக்கு அவள் பெயர் சரியாகத் தெரியாது. ஆனால் எதிர்வீட்டுக்காரி எந்த நாளில் எந்தப் புடவை கட்டுவாள், அவள் மாமியாரோடு சண்டை போட்ட அன்றைக்கு வாசல் எப்படிப் பெருக்கப்படும் என்பதெல்லாம் ஆதிலட்சுமிக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து தையல்காரருக்காக ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி கட்டிக்கொண்டே பார்ப்பாள். பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டாள்.

பிறந்தது காலாப்பட்டில், மீனவர் வீட்டில். அம்மா மீன்கூடையோடு பஸ் ஏற ஆரம்பித்ததும் தம்பி வெற்றிவேலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்று, எந்தப் படகு எங்கே திரும்புகிறது, யார் வலையில் மீன் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பது அப்படிப் பழகியது. பேசுவதற்குத்தான் யாரும் பழக்கவில்லை.

அவள் கணவன் முருகையன் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டில் பேச வேண்டிய பேச்சையெல்லாம் அவனும் அவன் அக்கா மேனகாவும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மேனகாவின் வீடு அடுத்த சந்தில். காலையில் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடுவாள்.

அந்தக் கேமரா வந்தது தீபாவளிக் குலுக்கலில். நேரு வீதி ஜவுளிக்கடையில் ஆதிலட்சுமி எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருப்பதாகக் கடையிலிருந்து போன் வந்ததும், மிக்சி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முருகையன் போய் வாங்கிவந்த பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

"இந்தக் காலத்துல எவன்டா கேமரா வெச்சிருக்கான்? எல்லாம் போன்லயே எடுக்கறாங்க" என்றாள் மேனகா. "வந்த வெலைக்குத் தள்ளிடு."

ஆதிலட்சுமி பெட்டியை எடுத்துப் பீரோவில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. அவள் எதையாவது தனக்கென்று எடுத்து வைப்பதை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பெட்டி பீரோவிலேயே இருந்தது, வெற்றிவேல் புதுப்படகு வாங்குகிற வரைக்கும்.

வெற்றிவேலின் வீட்டுச் சுவரில் பழைய படகின் படம் ஒன்று தொங்குகிறது. அதைத் தண்ணீரில் இறக்கிய அன்று யாரோ போனில் எடுத்தது. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கியபோது, படகு படகாக இருந்தது, மனிதர்கள் கரைந்துபோயிருந்தார்கள். நடுவில் நிற்பது அப்பா. சட்டையை வைத்துத்தான் அப்பா என்று சொல்ல முடியும். அப்பா தவறி இரண்டு மழைக்காலம் ஆகிறது.

புதுப்படகை இறக்கும் பூஜைக்கு அழைக்க வந்த வெற்றிவேல், "போட்டோக்காரன் அன்னிக்கிக் கல்யாணத்துக்குப் போறானாம். இந்தத் தடவையாவது மூஞ்சி தெரியணும்னு நெனச்சேன். சித்தப்பாவுக்கும் வயசாவுது" என்றான்.

"நான் எடுக்கறேன்" என்றாள் ஆதிலட்சுமி.

முருகையன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். மேனகா திரும்பிப் பார்த்தாள். சொன்னவளுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. ஆனால் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியாக்கா? அப்ப கவல வுட்டுது" என்று எழுந்துபோய்விட்டான். ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டான். இனி வாபஸ் வாங்க வழியில்லை.

மறுநாள் பெட்டியைப் பிரித்தார்கள். ராகு காலம் முடியட்டும் என்று மேனகா சொன்னதால், கொஞ்ச நேரம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். உள்ளே கேமரா, பேட்டரி, ஒரு ஒயர், கைக்கு மாட்டும் கயிறு, இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம். ஆதிலட்சுமி எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தாள். அடிப்பக்கத்து மூடியைத் தள்ளித் திறப்பது, பேட்டரியை எந்தப் பக்கமாக நுழைப்பது, உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாள் நகர்வது எல்லாம் படத்தில் இருந்தன. பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய பொந்து காலியாக இருந்தது. புத்தகத்தில் அதற்குள் ஒரு கார்டு போவதாகப் போட்டிருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். கார்டு இல்லை.

"இதுக்குக் கார்டு வேணுமாம்" என்றாள்.

"எந்தக் கார்டு? செவப்பா, மஞ்சளா?" என்றான் முருகையன். "ரேஷன்ல கேமராவுக்கும் அரிசி போடறானா?"

"நீ வாய மூடிக்கினு போய் வாங்கினு வா" என்றாள் மேனகா.

கார்டு வந்தது. சார்ஜ் போட்டார்கள். ஒரு பச்சைப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது. பிள்ளையைத் தூங்கவைத்த மாதிரி எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். சாயங்காலம் புள்ளி அணைந்துவிட்டது.

"போச்சு. கரண்டு அடிச்சிடுச்சி" என்றான் முருகையன்.

"நெறஞ்சிடுச்சி" என்றாள் ஆதிலட்சுமி. புத்தகத்தில் எரியும் விளக்குக்குப் பக்கத்தில் அணைந்த விளக்கையும், முழுதாக நிறைந்த பேட்டரியையும் வரைந்திருந்தார்கள். அதை அவள் பார்த்துவைத்திருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள். கேமரா சின்னதாக ஒரு சத்தம் போட்டது. முன்பக்கத்தில் கண் இமை போல மூடியிருந்த இரண்டு மெல்லிய தகடுகள் விலகின. உள்ளேயிருந்து லென்ஸ் மூக்கை நீட்டியது. மேனகா பின்னால் சாய்ந்துகொண்டாள்.

திரையில் முதலில் வந்தது பாஷைகளின் பட்டியல். ஆதிலட்சுமி கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். கோழி கிளறியது போல ஒன்று, கொக்கி கொக்கியாக ஒன்று. அதற்கும் கீழே, கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி, 'தமிழ்' என்று இருந்தது. அவள் விரல் நின்றுவிட்டது.

"நம்ம எழுத்துங்க" என்றாள்.

"எங்க எங்க" என்று முருகையன் கண்ணைக் கொண்டுபோய் ஒட்டினான். "அட, ஆமா. பிரெஞ்சு இருக்குதா பாரு. பாண்டிச்சேரிக்காரன் கேமரா, ஒரு கெத்தா இருக்கட்டும்."

"பிரெஞ்சுல உனுக்கு என்னாடா தெரியும்?" என்றாள் மேனகா.

"மெர்சி தெரியும். தேங்க்ஸுன்னு அர்த்தம்."

ஆதிலட்சுமி தமிழிலேயே அழுத்தினாள். அடுத்து உலகப்படம் வந்தது; எந்த ஊர் நேரம் என்று கேட்டது. அவள் நகர்த்த நகர்த்தக் கோடு கடல் தாண்டிப் போனது.

"பாரிஸ் வந்தா அங்கயே நிறுத்திடு. நமுக்கும் பென்ஷன் வருதா பாப்போம்" என்றான் முருகையன். பக்கத்துத் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டு மாடி வருஷத்துக்கு ஒன்றாக உயர்வதில் அவனுக்கு நெடுநாள் வருத்தம்.

அவள் நம் ஊர் நேரத்தில் நிறுத்தி, தேதியைப் போட்டு முடித்தாள். முதல் படம் சாமியாகத்தான் இருக்க வேண்டும் என்றாள் மேனகா. காலண்டர் பிள்ளையாரை எடுத்ததில் பளிச்சென்று ஒளி அடித்து, தொந்தி இருந்த இடத்தில் வெள்ளை உருண்டைதான் விழுந்தது. ஒளியை நிறுத்தும் இடத்தைத் தேடிப் பிடித்து இரண்டாவது எடுத்தாள். பிள்ளையார் முழுசாக வந்தார்.

பூஜை நாள் வரைக்கும் அவள் கையிலிருந்து கேமரா இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து கேஸ் சிலிண்டர் உருட்டுகிறவர், சுவரில் நடக்கும் பூனை, துணி பிழியும் எதிர்வீட்டுக்காரி என்று எடுத்தாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். சண்டைக்கு வருவாளோ என்று ஆதிலட்சுமி நடுங்கிக்கொண்டிருக்க, அவள் தலையை வாரிக்கொண்டு வந்து, "இப்ப எடுங்க" என்று நின்றாள். கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டால் தன் முகம் பாதி மறைந்துவிடுகிறது. யாரையும் நேராகப் பார்க்கலாம். இந்த வசதி ஆதிலட்சுமிக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பூஜை அன்று காலாப்பட்டுக் கரையில் நல்ல கூட்டம். புதுப்படகு நீலமும் மஞ்சளுமாக மின்னியது. முனையில் வேப்பிலைத் தோரணமும் சாமந்தி மாலையும். சித்தப்பா சுப்பராயன் வெள்ளை வேட்டியில் வந்து, எல்லாரையும் ஒரு தடவை திட்டிவிட்டுத் தலைமைக்கு நின்றார். கூடப்பிறந்தவள் ஆரத்தி எடுக்க வேண்டும். ஆதிலட்சுமி கேமராவை அணைத்து மேனகாவிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சுக்கக்கா."

"கண்ணு மாதிரி வெச்சுக்கறேன் போ."

ஆரத்தி சுற்றினாள். தேங்காய் உடைந்தது. மேனகா சந்தனக் கிண்ணத்தோடு படகைச் சுற்றி வந்தாள். படகின் முனைக்குப் பொட்டு, இன்ஜினுக்குப் பொட்டு, வலைக்கு, துடுப்புக்கு, டீசல் கேனுக்குக்கூட. கிண்ணத்தில் இன்னும் சந்தனம் மிச்சம் இருந்தது. இன்னொரு கையில் இருந்ததைப் பார்த்தாள். இதுவும் புதுசுதானே, இதை மட்டும் விடுவானேன்?

ஆதிலட்சுமி ஆரத்தியைக் கொட்டிவிட்டுக் கைகழுவி வருவதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று சுப்பராயன் சத்தம் போட்டார். ஆண்கள் இரண்டு பக்கமும் படகைப் பிடித்துக் கடலைப் பார்த்துக் குனிந்துவிட்டார்கள். அவள் ஓடிப்போய்க் கேமராவை வாங்கி, பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏதோ முனகியது. திரை இருட்டாக இருந்தது. நடுவில் நகக்கீறல் அளவுக்கு மட்டும் வெளிச்சம். திருப்பிப் பார்த்தாள். மூடிய இமைத் தகடுகள் இரண்டின் மேலும் சேர்த்து, அழகான வட்டத்தில், நடுவே குங்குமத்தோடு சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அக்கா, என்னாக்கா இது?"

"பொட்டுடீ. புதுப்பொருளாச்சே" என்றாள் மேனகா. ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் மாறியது. "ஏன், வெக்கக்கூடாதா?"

படகு நகர ஆரம்பித்தது. தண்ணீருக்கும் அதற்கும் நடுவில் ஈர மணல் மட்டும்தான். தண்ணீரில் இறங்கிவிட்டால் முடிந்தது; இன்னொரு முறை இறக்குவது கிடையாது. சுவரில் மறுபடியும் முகமில்லாத படம்தான் தொங்கும்.

ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு எங்கிருந்தோ, மீன் ஏலத்தில் அம்மா கத்துகிற அதே குரல் வந்தது.

"டேய் வெற்றி. நில்லுடா. எல்லாரும் நில்லுங்க."

அலைச்சத்தத்துக்கு மேலே கேட்டது. படகு நின்றது. படகைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, அத்தனை தலையும் கரைப்பக்கம் திரும்பியது. முருகையன் வாய் பிளந்து நின்றான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் இந்தக் குரலைக் கேட்டதில்லை.

"நல்ல காரியத்த நடுவுல நிறுத்தறியே" என்று சுப்பராயன் ஆரம்பித்தார்.

"கூடப்பொறந்தவ கூப்ட்டா அது சகுனம் சித்தப்பா. கொஞ்சம் இரு" என்றான் வெற்றிவேல்.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேனிலிருந்து முந்தானை முனையை நனைத்து, பிழிந்து, சந்தனத்தின்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தகடுகளின் இடுக்கில் இருந்தது வரவில்லை. தோரணத்திலிருந்து விழுந்த வேப்பிலைக் காம்பு ஒன்றை எடுத்து, கொக்கிக்கு நூல் கோக்கிற கையால் மெல்ல நெம்பினாள். மணல் பறக்காமல் மேனகா புடவையை விரித்துக் காற்றை மறைத்து நின்றாள்.

"என்னா அக்கா ஆச்சி?" என்று படகின் பக்கமிருந்து ஒருவன் கேட்டான்.

"என் அக்கா கேமரா கண்ணுல சந்தனம் அப்பிட்டா" என்றான் முருகையன்.

படகைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். "மேனகாக்கா, காதுகுத்தும் பண்ணிடு," "மொட்ட எப்ப?" என்று ஆளாளுக்கு எடுத்துக்கொடுத்தார்கள். சுப்பராயன் சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பொக்கை வாய் முழுசாகத் தெரிந்தது.

ஆதிலட்சுமி மறுபடி பொத்தானை அழுத்தினாள். இமை ஒரு தடவை தயங்கித் திறந்துகொண்டது. தலை நிமிர்ந்தபோது, படகும் கடலும் அப்படியே இருக்க, அத்தனை பேரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தாள்.

"போங்க இப்ப" என்றாள்.

படகு இறங்கியது. அலை ஏறியது, இன்ஜின் உறுமியது, அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கடலைப் பார்த்துப் படகு தள்ளுகிறவர்களைக் கரையிலிருந்து எடுத்தால் முதுகுதான் வரும். முதுகு, முதுகு, ஈர வேட்டி, மறுபடி முதுகு. முகங்கள் இருந்தது ஒரே படத்தில்தான். அதில் சுப்பராயனுக்குப் பல் இல்லாதது வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் படம்தான் இப்போது வெற்றிவேல் வீட்டில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எல்லாம் யாரப் பாத்து இப்பிடிச் சிரிக்கறாங்க?"

"எங்கக்காவ" என்பான் வெற்றிவேல்.

போன ஆயுத பூஜைக்கு ஆதிலட்சுமி கத்தரிக்கோல், தையல் ஊசி டப்பா, முருகையனின் ஆட்டோ எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். கேமராவையும் மறக்கவில்லை. அதைத் திருப்பி, அடிப்பக்கத்தில், மூடியின் இடுக்குக்கு எட்டாத ஓரமாகப் பார்த்து வைத்தாள்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனகா சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ரொம்பச் சின்னதா இருக்குதுடீ. நான் வெச்ச பொட்டாலதான் படமே வந்துது."

"கிண்ணத்த இப்பிடிக் குடுக்கா" என்றாள் ஆதிலட்சுமி. எதிர்வீட்டுக்காரிக்கே கேட்டது.