இசக்கிசெல்வி சொன்ன ஃபில்டர்

மும்பை தாராவியில், தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் போர்டில் மாரிக்கண்ணன் பெயர்தான் இருக்கிறது. அந்தக் கடையில் மாரிக்கண்ணனுக்குத் தெரிந்த வேலை ஷட்டரைத் தூக்குவது மட்டும். பதினேழு வருஷமாகக் கடையை நடத்துவது அவன் மனைவி இசக்கிசெல்வி. கடை வாசலில் கார் ரிப்பேர் பார்க்கிற அய்யாத்துரையாகிய நான் இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவளுக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கழற்றிப் போடும் பழைய ஆயில் ஃபில்டர்களை எடுத்துப் போய், ஆக்சா பிளேடால் நெடுக அறுத்துப் பிளந்து பார்ப்பாள். உள்ளே எத்தனை காகித மடிப்பு, ரப்பர் எப்படி, இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, ஒன்றையும் விடமாட்டாள். கை நிறையக் கறுப்பு எண்ணெயோடு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரோடே சிரித்தது. சிரித்த மெக்கானிக்குகள் எல்லாம் இரண்டே வருஷத்தில் அவளிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். வெளியே மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் அப்படிப்பட்ட ஆட்கள்தான்.

மழை தொடங்குவதற்கு முன்னால், மாதுங்காவிலிருந்து நகுல் என்று ஒரு கம்பெனி மேனேஜர் வந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். நான் கழற்றிய ஃபில்டரை அவள் வழக்கம்போல் அறுத்துப் பார்த்தாள். இந்த எஞ்சினில் ஃபில்டர் படுக்கைவசத்தில் இருக்கிறது, வண்டி நின்றதும் எண்ணெய் வடிந்துவிடாமல் பிடித்துவைக்க உள்ளே ரப்பர் தடுப்பு இருந்தே ஆக வேண்டும், இரண்டு நாளில் வரவழைத்துத் தருகிறேன் என்று இந்தியில் தெளிவாகச் சொன்னாள். அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடையில் பெரியவர் யாரும் இல்லையா என்று என்னிடம் கேட்டான்.

பெரியவர் மாரிக்கண்ணன் டீக்கடையிலிருந்து வந்தார். வந்த கிராக்கியை விட மனசில்லாமல், அலமாரியில் பார்வைக்கும் திருகு மரைக்கும் அதேபோல் இருந்த ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மரை ஏறுதுல்லா, பெறவு என்ன? மாட்டுங்க அண்ணாச்சி."

"மரை ஏறும். எண்ணெய் நிக்காது," என்றாள் அவள். "தெனமும் காலைல ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் எண்ணெய் இல்லாம ஓடும். மாட்டாதிய."

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு என்று சொல்லிக்கொண்டு மாட்டினேன். மாரிக்கண்ணனைப் பகைத்துக்கொண்டால் கடை வாசலில் இடம் போய்விடும். உண்மை அதுதான்.

இரண்டு மாதம் கழித்து வண்டி திரும்பி வந்தது. தினமும் காலையில் தடதடவென்று சத்தம் என்றான் நகுல். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே சுழலும் கேம் ஷாஃப்ட் தண்டு முழுக்க, எண்ணெய் இல்லாமல் உரசிய கீறல். அவன் போட்ட கூச்சலில், மாரிக்கண்ணன் கொஞ்சமும் கூசாமல், ஃபில்டர் எடுத்துக் கொடுக்கிறதெல்லாம் இவள்தான் என்று மனைவியைக் கை காட்டினான். அன்றைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்ற நகுலும் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, தெரியாத தொழிலுக்கு ஏன் வருகிறீர்கள் என்று அவளைக் கேட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த ஸ்பேனரை வீசி எறிந்தேன். அன்றைக்கு அவள் என்ன சொன்னாள், இவன் எதை எடுத்துக் கொடுத்தான், அத்தனையும் நடுரோட்டில் நின்று கத்திச் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து கேட்டார்கள். மாரிக்கண்ணன் தலையைத் தொங்கப்போட்டான். நகுல் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் பக்கம் திரும்பினேன்.

அவர்கள் இருவரையும் அவள் பார்க்கவே இல்லை. கோபம் முழுக்க என்மேல் இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சிருக்குல்லா, அண்ணாச்சி," என்றாள். "அன்னைக்கு இந்த வாய எங்க வச்சிருந்திய?"